எருமைக்கு ஒரு பெரிய காது

எங்கள் வீட்டில் எந்த நேரத்தில் வந்து பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அதனால் பகலில் தூங்குவார். அம்மா ஜீப் ஓட்டுகிறாள். காலையில் மலைத் தோட்டங்களுக்கு உர மூட்டைகளை ஏற்றிப் போவாள். மாலையில் காய்கறி மூட்டைகளோடு இறங்கி வருவாள். வீட்டுக்கு வந்ததும் தூக்கம்தான். சில நாள் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, அடுத்த ஷூவைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுவாள்.

என் தம்பிக்கு மட்டும் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. அவனை வாலு என்று கூப்பிடுவோம். என்னை வாயாடி என்பார்கள். இந்த வீட்டில் நான் கிசுகிசுத்துத்தான் வாயாட வேண்டும். என் கஷ்டம் யாருக்குப் புரியும்?

எங்கள் ஜீப்புக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எருமை. அதற்கு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பள்ளம், கல், ஓடை எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சேற்றைக் கண்டால் விடவே விடாது. மழைக்காலத்தில் தினமும் மாலையில் அதைக் கழுவுவது என் வேலை. கழுவி முடிக்கும்போது எருமை பச்சை ஜீப்பாகிவிடும். நான் எருமையாகிவிடுவேன்.

எங்கள் பள்ளி வாசலில் சாலை வலது பக்கமாக வளைந்து மேட்டில் ஏறும். அந்த வளைவின் இடது ஓரத்தில் ஒரு பெரிய சேற்றுக் குட்டை. அதற்குப் பக்கத்தில்தான் கோட்டு அக்கா நிற்பார். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் 'நில்' என்று எழுதிய பலகையோடு, எங்களைச் சாலை கடத்திவிடுவது அவர் வேலை. வாலுவின் வகுப்புப் பொடியன்கள் எல்லாம் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள்.

அன்று காலை நாங்கள் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். கீழே இருந்து ஒரு வண்டி உறுமிக்கொண்டு வந்தது.

"வருதுடா!" என்றார் கோட்டு அக்கா. உடனே சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பொடியன்களை மறைத்துக்கொண்டார்.

சளார்!

மொத்தச் சேறும் அவர் முதுகில். பொடியன்கள் மேல் ஒரு பொட்டு கூட இல்லை. தாண்டிப் போன வண்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்து சந்தோஷமாக ஆடியது. "பாம் பாம்" என்று ஹாரன் வேறு.

அது எங்கள் எருமை. அந்தக் கை எங்கள் அம்மாவுடையது.

நான் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன்.

"தினமும் இப்படித்தானாக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மழை பெய்யற நாளெல்லாம் இப்படித்தான்." அவர் ஒரு தும்மல் போட்டார். "நிக்கிறது கூடக் கஷ்டமில்ல வாயாடி. வீட்டுக்குப் போய் இதைத் துவைக்கணும் பாரு. இருக்கறது ஒரே கோட்டு. இந்த மழையில எங்க காயுது? ஈரத்தோடயே மாட்டிட்டு வர்றேன். இந்த மாசத்தோட நின்னுடலாம்னு இருக்கேன். உடம்புல தெம்பு இல்ல."

"நீங்க நின்னுட்டா எங்களை யாரு கடத்துவா?" என்றான் வாலு.

கோட்டு அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். அவர் முதுகில் சேறு வழிந்துகொண்டிருந்தது.

மாலையில் அம்மா ஒரு ஷூவைக் கழற்றியதுமே பிடித்துக்கொண்டேன். அடுத்த ஷூ வரை காத்திருந்தால் ஆள் கிடைக்க மாட்டாள்.

"அம்மா, காலையில எங்களைப் பார்த்துக் கை ஆட்டுற இல்ல? அப்ப பின்னாடி என்ன ஆகுதுன்னு தெரியுமா?"

"தெரியுமே. நீ வெட்கப்பட்டுக் குனிஞ்சுக்குற."

"சேறு பறக்குதும்மா! எல்லாம் கோட்டு அக்கா மேல. அவங்க வேலையையே விடப்போறாங்களாம்."

அம்மாவின் கண்ணில் இருந்த தூக்கம் கலைந்தது. "ஐயோ! எனக்கு முன்னாடி இருக்கற ரோடுதானே தெரியும்?"

"கொஞ்சம் மெதுவாப் போகக் கூடாதா?"

"அந்த ஏத்தத்துல இதுக்கு மேல மெதுவாப் போனா நின்னுடும் கண்ணு. அப்புறம் உன் பள்ளிக்கூடமே வந்து தள்ளணும்."

இருவரும் எருமையைச் சுற்றி வந்து பார்த்தோம். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ரப்பர் பட்டை தொங்கியது. சேறு தெறிக்காமல் தடுக்கிற மட்ஃபிளாப். நாங்கள் அதை எருமையின் காது என்போம். முன் சக்கரங்களுக்குப் பின்னால் காது இல்லை. போல்ட் போடும் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"ரிவர்ஸ் எடுக்கும்போது பாறையில மாட்டிப் பிஞ்சு போச்சு," என்றாள் அம்மா. "புதுசு மாட்டணும்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். பின்காதை ஓர் அட்டையில் அப்படியே வரைந்துகொண்டேன். அந்த அளவுக்கு அம்மா பழைய லாரி ரப்பரை வெட்டினாள். கத்தியில் சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிறது. ஓட்டை போடுவதுதான் கஷ்டம். ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும்.

"மெதுவா அடி. அப்பா தூங்கறார்," என்றாள் அம்மா.

சுத்தியலால் எப்படி மெதுவாக அடிப்பது? டொம். டொம். டொம்.

கதவு திறந்தது. அப்பா வந்தார். கண் மூடியே இருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்து நட்டுகளை முறுக்கினார். "வாஷர் போடணும்," என்று முனகினார். எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பிறகு கேட்டால், "நானா? நான் எங்கடி வந்தேன்?" என்கிறார்.

எருமைக்கு இரண்டு புதுக் காதுகள் முளைத்துவிட்டன. நான் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை மறுநாள் காலை வரை நீடித்தது.

"வருதுடா!" என்றார் கோட்டு அக்கா.

"பயப்படாதீங்கக்கா, இனிமே சேறே வராது!" என்று நான் அவருக்குப் பக்கத்தில் போய், சாலையைப் பார்த்து ஜம்மென்று நின்றேன்.

சளார்!

இந்த முறை அக்காவின் முதுகுக்குப் பாதி. என் முகத்துக்குப் பாதி.

"வரலையா?" என்றான் வாலு. அவன் வாயில் ஒரு நாள் பிளாஸ்திரி ஒட்டப்போகிறேன்.

அன்று முழுக்கப் பாடம் ஏறவில்லை. புதுக் காது விழவில்லை. நானே பார்த்தேன். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு போனது. பின் சக்கரம் போன பிறகு ஒரு துளி கூடத் தெறிக்கவில்லை. அதே அளவுக் காதுதானே முன்னாலும் இருக்கிறது? முன் சக்கரத்துக்கு மட்டும் என்ன கொழுப்பு?

சாயங்காலம் எருமையைக் கழுவும்போதும் அதே யோசனை. அம்மா, "ரெண்டு நிமிஷம் கண்ணு," என்று சொல்லி வண்டிக்குள்ளேயே பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வளைவில் அம்மா என்ன செய்வாள்? ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்புவாள்.

திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. வௌவால் மாதிரி அதில் தொங்கினேன். மெல்ல மெல்லத் திரும்பியது.

"அக்கா! அக்கா!" இடது பக்கம் நின்றிருந்த வாலு கத்தினான். "டயரோட பின்பக்கம் வெளிய வந்துடுச்சு! காதைத் தாண்டிடுச்சு!"

குதித்து ஓடினேன். ஆமாம்! சக்கரம் நேராக இருக்கும்போது காதின் மறைவில் சமர்த்தாக ஒளிந்துகொள்கிறது. திரும்பும்போது அதன் பின்பாதி வெளியே எட்டிப் பார்க்கிறது. பின் சக்கரம் திரும்பவே திரும்பாது. நான் மகா புத்திசாலி, திரும்பாத சக்கரத்தின் அளவை எடுத்துத் திரும்புகிற சக்கரத்துக்கு மாட்டியிருக்கிறேன்!

அம்மாவை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தோணலையே! இந்தப் பக்கத்துக்கு இன்னும் அகலமா வேணும். ஆனா ரப்பர் தீர்ந்து போச்சே கண்ணு. இனிமே ஞாயித்துக்கிழமைதான் வாங்க முடியும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை காலை இருக்கிறது! எத்தனை துவையல்! எத்தனை தும்மல்!

சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் ஒரு ரப்பர் மிதியடி கிடந்தது. அகலமாக, கனமாக, வளையாமல்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பி வை," என்றாள் அம்மா, கத்தியை எடுத்துக்கொண்டே. "டயர் உரசாத இடமாப் பார்த்து மாட்டணும். தரையில இருந்து ஒரு சாண் மேல இருக்கணும், இல்லேன்னா திரும்பப் பாறையில மாட்டும்."

நான் ஸ்டியரிங்கில் தொங்கினேன். வாலு டயருக்கும் ரப்பருக்கும் நடுவில் கையை விட்டு, "போகுது, போகுது," என்றான். ஆணி அடித்து ஓட்டை போட்டோம். அப்பா மூடிய கண்ணோடு வந்து நட்டை முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் மழை. குட்டை நிறைந்து தளும்பியது. எருமை உறுமிக்கொண்டு வந்தது. ஒரு காது சின்னது, ஒரு காது பெரியது. பார்க்க நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

"வருதுடா!" கோட்டு அக்கா திரும்பிக் கோட்டை விரித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இந்த முறை நானும் அவர் கோட்டின் மறைவில் ஒளிந்துகொண்டேன். ஒரு முறை பட்டது போதும்.

தொப், தொப் என்று ரப்பரில் எதுவோ மோதும் சத்தம். "பாம் பாம்." அப்புறம் ஒன்றுமில்லை.

கோட்டு அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன, வரலை?"

"காது மாட்டியிருக்கோம்க்கா," என்றேன். "அது... அந்த ஜீப்பு..."

"உங்க அம்மாதுதானே? தினமும் உன்னைப் பார்த்துத்தானே கை ஆட்டுறாங்க. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா நீங்க சொல்லலை?"

"அவங்க மூஞ்சியைப் பார்த்தா என்னைவிடக் களைச்சுப்போய் இருக்காங்க. என்னத்தச் சொல்ல?" அவர் முதுகுப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பலகையைத் தூக்கினார். "சரி, வாங்க வாங்க. நாளைக்கும் இப்படியே லேட்டா வந்தீங்கன்னா விட்டுட்டுப் போயிடுவேன்."

நாளைக்கும்! வாலுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலை அம்மா வீட்டுக்குள் காலை வைத்தாள். வாசலிலிருந்து நாற்காலி வரை சேற்றில் ஷூ தடம்.

"மிதியடி எங்க?" என்றாள் கொட்டாவி விட்டபடி.

"ஜீப்புல," என்றேன்.

"அட, ஆமால்ல," என்று சொல்லிவிட்டு, ஒரு ஷூவோடு அம்மா தூங்கிப்போனாள். நான் மற்ற ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, துடைப்பதற்குத் துணி தேடப் போனேன்.