மூன்றாவது கியர்

செவ்வாய்க் கிரகத்தில் பிள்ளைகளை வழியனுப்ப நாற்பது வினாடி ஆகும். வீட்டுச் சுவரிலுள்ள வட்டக் கதவைத் திறந்து, ஊர்திக்குழாய்க்குள் உட்கார வைத்து, பட்டையை மாட்டிவிட்டால் போதும். காற்று ஒரே மூச்சில் விண்தளத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். "போயிட்டு வரேன்" என்று இங்கே தொடங்குகிறவர்கள் "வரேன்" என்பதை அங்கே போய்த்தான் முடிப்பார்கள். யாரும் இதை ஒரு குறையாக நினைப்பதில்லை.

கோதண்டம் நினைத்தார். அவருடைய ஒரே மகள் நறுமுகை வெள்ளிக்கிழமை நண்பகல் கப்பலில் சனியின் நிலவான டைட்டனுக்குப் புறப்படுகிறாள். ஆறு வருட வேலை. அவளைத் தானே காரில் கொண்டுபோய் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பூமியில் ஒரு காலத்தில் ஓடிய உண்மையான கார் அது. காட்சியகம் ஒன்றை மூடியபோது எடைக்குப் போடவிருந்ததைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டார் வைத்தாயிற்று. கியர்பெட்டி மட்டும் பழையது, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. கிளட்ச் மிதி கிடையாது; வேண்டுமானால் ஒரு கம்பியை இழுத்துக் குறைந்த கியரிலேயே நிறுத்தி வைக்கலாம். உள்ளே எண்ணெயின் அழுத்தம்தான் தட்டுகளை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு கியராக விழ வைக்கும். தேய்ந்த தட்டுகளையும் ரப்பர் வளையங்களையும் முப்பரிமாண அச்சில் புதிதாக உருவாக்கி, பெட்டி முழுவதையும் பிரித்து மாட்டியிருந்தார். விண்தளம் வரை ஐந்து கிலோமீட்டர் பராமரிப்புச் சுரங்கத்தில் ஓட்டிக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டார்.

ஆனால் சோதனை ஓட்டத்தில் முதல் கியர் விழுந்தது, இரண்டாவது விழுந்தது, நான்கு நிமிடம் கழித்து மூன்றாவது நழுவியது. மோட்டார் அலறியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் இரண்டாவதும் நழுவி நடுச்சுரங்கத்தில் நின்றுவிட்டது. மறுபடி பிரித்தார், மறுபடி மாட்டினார். அதே கதை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைசிச் சோதனை. வீட்டின் பணி எந்திரன் மாசிலாமணி பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தது. ஐந்தாவது நிமிடம் மோட்டார் அலறியது.

"போச்சு," என்றார் கோதண்டம். வண்டியைத் தள்ளித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர் மனைவி செண்பகவல்லி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏங்க, விடுங்க. குழாயிலயே போகட்டும். கண்ணு முன்னால நடுவழியில நின்னு அவ கப்பலை விட்டா நல்லாவா இருக்கும்?"

"நாற்பது வினாடியில என்னத்த பேசுவ நீ?"

"நீங்க பத்து நிமிஷம் கிடைச்சாலும் பேச மாட்டீங்க."

அது உண்மை என்பதால் கோதண்டம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

மாசிலாமணி மோட்டாரை ஓடவிட்டு, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தது. கம்பி முழுவதும் பால் பொங்கியதுபோல நுரை.

"ஐயா, எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கிறது. உள்ளே சுழலும் பல்சக்கரங்கள் அதில் முங்கி அடித்து நுரையாக்குகின்றன. நுரைக்கு அழுத்தம் வராது. இங்கே ஈர்ப்பு குறைவு, நுரை அடங்கவும் நேரமாகும்."

"கம்பியில இருக்கிற கோடு வரைக்கும்தானே ஊத்தினோம்?"

மாசிலாமணி அடித்திருகைத் தளர்த்தி, கோட்டுக்கு மேலிருந்ததைப் பாத்திரத்தில் வடித்தது. ஒன்றரை லிட்டர்.

கோதண்டம் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அரை லிட்டர் நான்தான். கொஞ்சம் கூட இருக்கட்டுமேன்னு..."

"நானும் கால் லிட்டர் ஊத்தினேன்," என்றாள் செண்பகவல்லி. "உங்களுக்குத்தான் மறதி ஆச்சே."

பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த நறுமுகை அங்கேயே நின்றாள். "அம்மா, நீயுமா? நானும் கால் லிட்டர் ஊத்தினேன். அப்பா வழியில நின்னுடக் கூடாதேன்னு பார்த்தேன்."

"நல்ல குடும்பம்!" என்றார் கோதண்டம். "சரி, ஒரு லிட்டர் ஆச்சு. மீதி அரை?"

மூவரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். பொய் சொல்ல அதற்குத் தெரியாது.

"நான் ஊற்றினேன்."

"உனக்குத்தான் அளவு துல்லியமாத் தெரியுமேடா!"

"தெரியும், ஐயா. பதினொரு வருடமாக இந்த வீட்டில் பரிமாறுகிறேன். போதும் என்று சொன்ன பிறகு ஒரு கரண்டி வைத்தால்தான் இங்கே அக்கறை என்று பொருள். இந்த வண்டிமீது எனக்கும் அக்கறை உண்டு."

செண்பகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எண்ணெய் கோட்டில் நிற்கும்போது மணி பத்தே முக்கால்.

நுரை அடங்கக் கால்மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு கோதண்டம் ஓட்ட, பக்கத்தில் நறுமுகை, பின்னால் செண்பகவல்லியும் மாசிலாமணியும். முதல் கியர். இரண்டாவது. நான்காவது நிமிடத்தில், மெல்லிய ஒரு குலுக்கல்கூட இல்லாமல், மூன்றாவது விழுந்தது. மோட்டார் சத்தம் தணிந்தது, சுரங்க விளக்குகள் வேகமாகப் பின்னால் ஓடின. கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. மூன்று வார உழைப்பு!

அப்போதுதான் விண்தளத்தின் பச்சை விளக்கு தூரத்தில் தெரிந்தது. அது வேகவேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. இந்த வேகத்தில் போனால் பேச நேரமே இருக்காது. அவர் மலர்ச்சி அப்படியே நின்றுபோனது.

நறுமுகை கையை நீட்டி, கியர் கம்பிமேல் இருந்த அப்பாவின் கையைப் பிடித்து, கம்பியை இரண்டுக்கு இழுத்தாள். வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது.

"என்னடி, திரும்பவும் நழுவுதா?" என்றாள் செண்பகவல்லி.

"இல்லம்மா. நல்லாப் பிடிக்குது."

கோதண்டம் தொண்டையைச் செருமினார். "அங்க குளிராமே? ஸ்வெட்டர் எத்தனை எடுத்துக்கிட்ட?" என்று தொடங்கினார்.

அன்று மாலை மாசிலாமணி பழுதுபார்ப்புக் குறிப்பில் இப்படி எழுதியது: "பழுது நீங்கியது. மூன்றாவது கியர் குறையின்றி விழுகிறது. தேவைப்படவில்லை."