மடித்த நுனி

இந்த வீட்டில் பூண்டு வாங்குவதே கிடையாது. அப்படியிருக்க, கதவைத் திறந்ததும் பூண்டு வாடை வந்தது.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மோந்தான். அடுப்படியிலிருந்தா, குளியலறையிலிருந்தா, பிள்ளை படுக்கிற அறையிலிருந்தா என்று பிடிபடாமல், ஈரத்துணியை மடித்து வைத்த அலமாரியைத் திறந்தால் வருமே, அதுபோலக் கனத்து, மெதுவாக, தரையை ஒட்டி வந்தது. மனைவிக்கு எந்த வாடையும் தெரியவில்லை. நீங்கள்தானே பூண்டைக் கண்ணில் காட்டாதே என்று சட்டம் போட்டீர்கள், ஆசை இப்போது மூக்கு வழியாக வருகிறதா என்று கேலி செய்தாள். அவளுக்கென்ன, அவளுக்குப் பூண்டு என்றால் சமையல் வாடை. துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குப் புகைமருந்து வைக்கிற அவனுக்கு அது மருந்து கசிகிற வாடை. அது மூக்கில் ஏறினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும் என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சொந்த வீட்டை விட்டு எங்கே ஓடுவது?

முகம் கழுவப் போனவன் குளியலறையில் அண்ணாந்து பார்த்தான். காற்று வருகிற ஜன்னல் மேல் அகலமான பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல் கட்டைவிரலால் நீவி, கடைசி நுனியை மட்டும் உள்பக்கமாக மடித்து. பிறகு உரிப்பதற்குத் தோதாக அப்படி மடித்துவிடுவது அவன் பழக்கம். துறைமுகத்தில் வேறு யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

"கொசுவுக்காக நீங்கதான ஒட்டுனீங்க?" என்றாள் மனைவி.

ஆமாம் என்று சொல்லிவைத்தான். ஒட்டிய ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்தது வேறொன்று.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் அண்ணனும் தம்பியும் சுட்டுக்கொண்டு சாகிற போர். இங்கிருந்து அங்கே போகிற கன்டெய்னர்களில் தண்ணீர் பம்பு என்று எழுதியிருக்கும். பம்புக்கா இவ்வளவு காவல் என்று டீ குடிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்வார்கள், அதோடு சரி. காதும் காதும் வைத்தாற்போல் போகும். திரும்பும்போது மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும். அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு அங்கிருந்து ஆட்கள் தப்பி வருவதும் உண்டு என்று ஒரு பேச்சு இருந்தது. இங்கிருந்து போனதற்குப் பயந்துதான் ஓடி வருகிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போர் அவர்களுடையது, பிழைப்பு நம்முடையது என்று எல்லோரையும்போல் அவனும் கண்டும் காணாமல் இருந்தான். கட்டையில் பூச்சி இருக்கும், பூச்சிக்கு மருந்து வைப்பான், சம்பளம் வாங்குவான்.

ஒருநாள் நல்ல வெயில். கதவுவரை அடுக்கியிருந்த கட்டைகளின் முன்னால் மருந்தை வைத்து, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஒட்டியாகிவிட்டது. பக்கவாட்டில், மேலே இருக்கிற காற்றுத்துளை மட்டும்தான் பாக்கி. ஏணியில் நின்று டேப்பை இழுத்தபோது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. ஓங்கித் தட்டவில்லை. பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல் விரல் முட்டியால் தட்டுவோமே, அப்படி. மரியாதையாக.

கீழே நின்றிருந்த சூப்பர்வைசருக்கும் அது கேட்டது. அவன் அவரைப் பார்த்தான். அவர் கன்டெய்னரைப் பார்த்தார்.

"கட்டை வெயில்ல விரியிற சத்தம்," என்றார். "தொறந்தா கஸ்டம்ஸ் வந்து நிப்பான். வந்தது என்ன, போனது என்னன்னு நோண்டுவான். உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. ஒட்டு."

கட்டை அப்படித் தட்டாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒட்டினான். நுனியைக்கூட மறக்காமல் மடித்தான். அதைத் திறக்கிற அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டான். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டீ குடிக்கிற இடத்தில் பம்பைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை. பாவி, பாவி என்று அவன் மனசு அவனைத் திட்டிக்கொண்டே இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டே அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போனான். காய்ச்சலில் படுத்திருந்தவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, குட்டி விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"அந்தப் பக்கம் யாரோ தட்டுறாங்கப்பா. நானும் தட்டுறேன். யாராச்சும் தட்டுனா நாமளும் தட்டணும்ல?"

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் கிடையாது. மூன்றாவது மாடி. வெறும் காற்று. பேசாமல் தூங்கும்மா என்று போர்வையை இழுத்துவிட்டான். சுவரில் காதை வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பொழுது சாயும்போது மனைவி பால் வாங்கக் கிளம்பினாள். "பாப்பா தூங்குறா. கொஞ்சம் பாத்துக்குங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். படியில் அவள் காலடி இறங்கித் தேய்ந்தது. தெருவில் லாரி பின்னால் வருகிற பீப் சத்தம், மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், குழாயின் சொட்டு, எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, வாடை மட்டும் மிஞ்சி, அதுவும் தொண்டைக்குள் இறங்கிக் கண்ணைக் கரித்தபோதுதான் தான் நின்றுகொண்டிருப்பதே அவனுக்கு உறைத்தது.

பிள்ளையின் அறைக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தான்.

கதவின் நாலு ஓரமும் டேப். கீழ் இடுக்கில் டேப். சாவித் துவாரத்தில் டேப். நீவி ஒட்டியது. நுனி மடித்தது.

அவன் கையில் டேப் உருளை இருந்தது.

உள்ளே தட்டும் சத்தம். மரியாதையாக.

"பாப்பா?"

தட்டல் மட்டும். உருளையை வீசினான். நுனியைப் பிடித்து இழுத்தான். உரிந்தது. அடியில் இன்னொரு டேப். அதற்கும் மடித்த நுனி. இழுத்தான். நகம் பிய்ந்தது. இதோ வந்துட்டேன்டா, அப்பா வந்துட்டேன்.

"அப்பா."

குரல் முதுகுக்குப் பின்னால். வாசல் பக்கம்.

"நான் இங்க இருக்கேன்ப்பா. அம்மாகூடக் கடைக்குப் போயிட்டு வந்தேன்."

அவள் குரலேதான். அவன் கை நின்றது. அப்பாடா என்றிருந்தது. உள்ளே இருப்பது நம் பிள்ளை இல்லை. யாரோ. யாரோதான்.

பாப்பா தூங்குகிறாள் என்று மனைவி சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவன் திரும்பவில்லை.

உள்ளே தட்டல். மெதுவாக. இன்னும் மெதுவாக.

"கட்டைதான்," என்றது அவன் வாய். "வெயில்ல விரியுது."

வெயில் எப்போதோ போய்விட்டது. உரித்த டேப்பை எடுத்துத் திரும்ப வைத்தான். கட்டைவிரலால் நீவினான். பிசிறில்லாமல்.

வாசல் கதவு திறந்தது. பால் பாக்கெட்டோடு மனைவி நின்றாள். தனியாக.

"பாப்பா எந்திரிச்சிட்டாளா?"

தட்டும் சத்தம் நின்றிருந்தது. அவன் நுனியை மடித்துக்கொண்டிருந்தான்.