மூன்று முறைக்கு மேல் கூப்பிட்ட குரல்

"பேய் மூணாவது தடவையும் கூப்பிட்டா என்னக்கா செய்யணும்?"

விக்ரம் இதைக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. முத்துச்செல்விக்குப் பதினாலு. மின்சாரம் போயிருந்த ஒரு முன்னிரவில், தெருவிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது என்று அவன் வாசலுக்கு ஓடினான். அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இருட்டுக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. காத்து கருப்பு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனிதன். அம்மா மலையம்மாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தம்பிக்குச் சொன்னாள். அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "பேய்க்கு அம்புட்டுப் பொறுமை கிடையாதுடா" என்று சிரித்துச் சமாளித்தாள்.

இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. மூன்று வாரமாக, எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் திரும்புவதில்லை.

காதில் கோளாறு இல்லை. முத்துச்செல்வி வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரி டாக்டரே தெரிந்த ஒரு காது டாக்டரிடம் அனுப்பிப் பார்த்தாயிற்று. குக்கர் விசிலடித்தால் திரும்புகிறான். கதவு அடித்துக்கொண்டால் திடுக்கிடுகிறான். அவனுடைய பேர் மட்டும் அவனுக்குள் போய் விழவில்லை. தட்டை முன்னால் வைத்தால் சாப்பிட்டான், கையைப் பிடித்து நடத்தினால் நடந்தான். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. ராத்திரி அவன் தூங்கும்போது தொண்டைக் குழி மட்டும் சீராகத் துடிக்கும். தூரத்தில் எங்கோ பம்ப்செட் ஓடுகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் டோக்கன் வரிசைப்படி நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவளுடைய வேலை. மூன்று தடவை கூப்பிடுவாள், வராவிட்டால் அடுத்த பேர். வீட்டிலோ அடுத்த பேர் என்று ஒன்று இல்லை. விக்ரம், விக்ரம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரிக் கச்சேரிக்குப் போய்வந்த பிறகுதான் அவன் இப்படி ஆனான். அங்கே கூட்டிப்போனவன் கூடப் படித்த செல்வக்குமார். போனில் பிடித்தபோது அவன் முதலில் சிரித்தான்.

"என்னக்கா, மாப்ள இன்னும் தரையில இறங்கலையா?"

"விளையாடாத குமாரு. உள்ள என்ன நடந்துச்சு?"

சிரிப்பு நின்றது. "நான் உள்ள போகலக்கா. எங்கப்பா போன் பண்ணவும் வாசல்லயே வண்டியத் திருப்பிட்டேன். அவன் மட்டும்தான் போனான். முடிஞ்சப்புறம் வந்து கையப் பிடிச்சு வண்டியில ஏத்தி வீட்ல விட்டதோட சரி. அதுல பாடுறவுங்க யாரும் கிடையாதாம். வந்தவங்க குரலையே பிடிச்சு, கம்ப்யூட்டர்ல போட்டு, திருப்பித் திருப்பி ஓட விடுவாய்ங்களாம். லூப்புன்னு சொல்லுவாய்ங்க."

"பேண்டுக்கு என்னா பேரு?"

"பேரே கிடையாதுக்கா. அதுதான் அவய்ங்க ஸ்டைலு."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் விக்ரமின் போனில் அடுத்த கச்சேரிக்கான லொகேஷன் வந்தது. மூன்று வாரமாகத் தானாக ஒரு பித்தானைக்கூடப் போடாதவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். முத்துச்செல்வி தடுக்கவில்லை. அங்கேதான் அவனிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டார்கள்; அங்கேயே போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். தப்புச் செய்கிறவர்களும் முகத்தைப் பார்த்துக் கேட்டால் இரங்குவார்கள் என்று நம்புகிற மனம் அவளுடையது. அவன் நெற்றியில் திருநீறு பூசி, தன் நெற்றியிலும் பூசிக்கொண்டு, "இருட்டுறதுக்குள்ள வந்துருவோம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வில்லாபுரத்தில் அவன் கையைப் பிடித்து பஸ் ஏற்றினாள்.

சமயநல்லூர் தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து பிரிந்த மண்பாதை கருவேலங்காட்டுக்குள் போய், மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் குடோனில் முடிந்தது. மணி ஆறரை. மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. உள்ளே பழைய எண்ணெயும் மக்கிய பஞ்சும் கலந்த வாடை. உத்தரத்தில் தொங்கிய பஞ்சுத் துகள்கள் காற்றே இல்லாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. நான்கு மூலையிலும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் லேப்டாப்புகளும் ஒயர்களும், பின்னால் சாம்பல்நிறச் சட்டை போட்ட மூன்று பேர். தார்ப்பாயில் அறுபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் தனியாக வந்தவர்கள். மீதிப் பேர் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்ததை அவள் கவனித்தாள். பெரும்பாலான ஜோடிகளில் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொருவர் பார்க்கவில்லை.

வாசலில் காட்டன் சேலை கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண் மைக்கை நீட்டினாள். வங்கியில் பாஸ்புக் கேட்கிறவர்களின் கனிவான குரல்.

"வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

முத்துச்செல்வி அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "பிருந்தா" என்றாள். ஆஸ்பத்திரியில் பக்கத்து மேஜைக்காரியின் பேர். அந்தப் பெண் சிரித்தாள். விக்ரமிடம் எதுவும் கேட்கவில்லை.

முத்துச்செல்வி நேராக மேஜைக்குப் போனாள். ஹெட்போன் மாட்டியிருந்தவன் ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு அவள் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"எங்கம்மாவுக்கு எங்க ரெண்டு பேர விட்டா ஆளில்ல சார். இவன பழையபடி குடுத்துருங்க."

"முடியட்டும்ங்க" என்றான் மரியாதையாக. ஹெட்போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டான்.

"இங்கிட்டு வா தாயி" என்று ஒரு குரல். ஐம்பது வயதுக்காரி, தன் துண்டை விரித்து இடம் ஒதுக்கினாள். பக்கத்தில் வாட்டசாட்டமான ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "தம்பியா?"

"ஆமா. உங்களுக்கு?"

"மகன். அழகுமலை. ஷேர் ஆட்டோ ஓட்டுனான். இப்ப கெட்ட வார்த்தையில கூப்பிட்டாலும் திரும்ப மாட்றான். அதுவும் செஞ்சு பாத்துட்டேன்." தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நான் தங்கப்பொண்ணு. அவனியாபுரத்துல பூ விக்கிறேன். வாசல்ல பேரு கேட்டாளே, என்னா சொன்ன?"

"பொய்ப் பேரு சொன்னேன்."

"நான் மொக்கையன் சம்சாரம்னு சொன்னேன். ஊருல எத்தனை மொக்கையன், போய்த் தேடட்டும்."

இருவரும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் முத்துச்செல்வி சிரித்தது அதுதான் முதல் தடவை.

விளக்குகள் மங்கின. முதலில் சத்தமே இல்லை என்றுதான் நினைத்தாள்; பிறகுதான் அது தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தொடை வழியாக ஏறுகிறது என்று தெரிந்தது, மழைக்காலத்து டிரான்ஸ்பார்மரின் உறுமலைப்போல, அதற்குமேல் செருப்புகள் தேயும் ஓசை, யாரோ இருமியது, வாசலில் யாரோ மூக்குறிஞ்சியது, எல்லாம் வெட்டி வெட்டி ஒட்டப்பட்டு, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், திரும்பத் திரும்ப வந்தன.

"இது கச்சேரியா?" தங்கப்பொண்ணு முணுமுணுத்தாள். "மிக்ஸிய ஓட விட்டுட்டு உக்காந்திருக்காய்ங்க."

அப்போதுதான் ஸ்பீக்கர் பேர் சொன்னது.

"சாம்பசிவம்."

வயதான ஒரு பெண்ணின் அன்பான குரல். முன்வரிசையில் ஒரு பெரியவர் விறைத்தார். அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் குரல்; அவளோ எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசையவில்லை, அவளுடைய தொண்டைக் குழி மட்டும் துடித்தது.

"சாம்பசிவம்."

பெரியவர் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டார். அவருக்கும் அந்தப் பழக்கம் தெரிந்திருக்கிறது. காத்திருந்தார்.

"சாம்பசிவம்."

முகம் மலர்ந்தது. "என்னம்மா?" என்றார்.

கூப்பிட்ட குரல் நின்றது. கத்தரித்த மாதிரி. அடுத்த நொடி நான்கு ஸ்பீக்கரிலிருந்தும் அவருடைய குரலே வந்தது. என்னம்மா. என்னம்மா. என்னம்மா. பெரியவரின் வாய் திறந்தபடியே இருந்தது. தொண்டை துடிக்கத் தொடங்கியிருந்தது.

தம்பி பதினாறு வருடத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு அவளுக்கு இப்போது பதில் தெரிந்தது. மூன்றாவது தடவைக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். விக்ரமும் காத்திருந்திருப்பான். அவள் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல், இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டு, மூன்றாவது தடவைக்கு நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லியிருப்பான். இயந்திரத்துக்கு இரண்டு தடவை என்கிற எல்லை கிடையாது.

"பவதாரிணி" என்றது ஸ்பீக்கர். கல்லூரிப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஐந்து தடவை. ஆறு தடவை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மற்றவள் பொறுக்க முடியாமல் கத்தினாள்: "அவ வரலங்க!"

நின்றது. கத்தியவளின் வாய் திறந்தபடி நின்றது. பவதாரிணி அவளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள். பிறகு விரல்களைக் காதுக்குள் திணித்துக்கொண்டு தரையில் சுருண்டாள். அதற்குள் குடோனில் எல்லோரும் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கியிருந்தார்கள். முத்துச்செல்விக்குப் புரிந்தது. அதற்கு ஒரு பதில் வேண்டும். யாருடையது என்று பார்ப்பதில்லை.

விக்ரமின் கையைப் பிடித்து எழுந்தாள். விளக்கு முழுவதும் அணைந்தது.

"செல்விக்கா."

முன்பல் விழுந்த ஆறு வயதுக் குரல். காற்று கலந்த 'செ'. வாசலில் அவள் கொடுத்தது பொய்ப் பேர். நிஜப் பேரைச் சொல்லத்தான் விக்ரம் உள்ளே இருக்கிறானே. அவள் பிடித்திருந்த கை வழியாகவே அவனுடைய துடிப்பு ஏறியது.

"செல்விக்கா."

மூன்று வாரம். ஒரு தடவை கூப்பிட மாட்டானா என்று.

"செல்விக்கா."

வாய் தானாகத் திறந்தது. ஒரு கை வந்து பொத்தியது. மல்லிகையும் ஈரநாரும் மணக்கும் உள்ளங்கை. அவள் திமிறினாள். கை விடவில்லை. ஏழு. எட்டு. அவள் கடித்தாள். பல் இறங்கியது. ரத்தத்தின் உப்பு. கை விடவில்லை. பதினைந்து. இருபது. எண்ணிக்கை போயிற்று. அந்தக் கை மட்டும் இருந்தது.

மெல்ல, மெல்ல, குரல் தணிந்தது. நிற்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்த மாதிரி.

"பல்லு நல்லா வலுவாத்தான் இருக்கு தாயி" என்றது இருட்டில் தங்கப்பொண்ணின் குரல், மூச்சு வாங்கியபடி.

அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"எம்மா."

தங்கப்பொண்ணின் உடம்பு அதிர்ந்தது. அவள் மகனின் குரல்.

"எம்மா."

முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். காதைப் பொத்தினாள். குனிந்து நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டாள். மூன்று. ஆறு. பத்து. முத்துச்செல்வி அவள் வாயை அழுத்தினாள். எச்சிலும் ரத்தமும் வழுக்கின. முந்தானை நழுவியது. தாயின் தலை அந்தக் கையை உதறியது. உள்ளங்கையின்கீழ் உதடுகள் ஒரு சொல்லுக்காகக் குவிவது தெரிந்தது. இன்னும் இரண்டு தடவை. மிஞ்சினால் மூன்று. இவள் பதில் சொல்லிவிடுவாள். எந்தத் தாய் சொல்லாமல் இருப்பாள்?

விக்ரமைத் தங்கப்பொண்ணு பக்கத்தில் உட்காரவைத்தாள். திருநீறு பூசிய நெற்றியை இருட்டில் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவன் கையை விட்டாள்.

தவழ்ந்து போனாள். தங்கப்பொண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் அந்தக் கை மறுபடி வரும். மூலை ஸ்பீக்கருக்குப் பின்னால், சுவரோரம். யாரும் கண் திறக்கவில்லை. மேஜைக்குப் பின்னாலிருந்த மூன்று பேரும் திரையிலிருந்து தலை தூக்கவில்லை. அம்மா என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சாமியை நினைத்தாள்.

"எம்மா."

"இந்தா வாரேன்" என்றாள், தாழ்ந்த குரலில், அடுப்படியிலிருந்து சொல்வதுபோல.

நின்றது.

வலி இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி ஒரு வெற்றிடம். விளக்கு மினுக்கிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரின் நிழலிலிருந்து அவளால் பார்க்க முடிந்தது. தங்கப்பொண்ணு தலை தூக்கினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கைகூப்பினாள். "நிறுத்திட்டியே சாமி." பக்கத்தில் காலியாகக் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"தப்பிச்சுட்டியா தாயி? நல்லா இரு." பிறகு விக்ரமைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பிள்ளைய விட்டுட்டு ஓடிருச்சே. வெளியதான் நிக்கும். வாய்யா, நீயும் வா."

ஒரு கையில் அழகுமலை. கடிபட்ட கையில் விக்ரம். மூவரும் கதவைத் தாண்டினார்கள். விக்ரம் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துச்செல்வி எழுந்திருக்க நினைத்தாள். காலில் கோளாறு இல்லை. கைபிடித்துக் கூட்டிப்போக ஆள்தான் இல்லை. தார்ப்பாயில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் வாய் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தொண்டையும் ஒரே தாளத்தில். தன் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். அதே தாளம்.

இந்தா வாரேன். இந்தா வாரேன். நான்கு மூலையிலிருந்தும் அவளுடைய குரல்.

காட்டன் சேலைப் பெண் வந்து எதிரே குந்தினாள். மைக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். முகத்தில் அதே கனிவு.

"வீட்ல இன்னும் யாரு இருக்காங்க?"

முத்துச்செல்வியின் உதடு அசையவில்லை. அசையாமல் இருக்கத் தன் பலம் முழுவதையும் திரட்டினாள்.

ஸ்பீக்கர்கள் அவள் குரலில் பதில் சொல்லின.

"எம்மா."

"எம்மா."

"எம்மா."