இழுபடும் கடல்

அஞ்சுகம் குடியிருந்தது சைதாப்பேட்டையில். பாடம் நடத்தியது போர்ட் பிளேரில். சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனால் இடைவேளையில் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வாள். மீனம்பாக்கத்து மடிப்புவாயிலுக்குள் ஒரு கால் வைத்தால் மறு கால் அந்தமானில் பதியும். நடுவிலிருந்த கடலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அவள் கணவன் திருமாறன் அந்த வாயிலில் பொறியாளன். விமானிகளின் புகார் முதலில் அவனிடம்தான் வந்தது. இரண்டு மணி நேரத்தில் போய் இறங்கிய தீவுக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது என்றார்கள். பிறகு ஐந்து என்றார்கள். அவன் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தான். வாயில் திறக்கும்போது அதனுள் தூரம் மடிகிறது. அதற்கு ஈடாக வெளியே கடல் இழுபடுகிறது. இழுபட்டது திரும்பச் சுருங்குவதில்லை.

"நடந்தே போறவங்களுக்கு ஃபிளைட் எதுக்கு, மாறன்?" என்றார் மேலதிகாரி. விமானங்கள் நின்றன. பிறகு கப்பல்களும் நின்றன.

ஒரு மத்தியானம் தீவுப்பக்கத்து வாயில் எரிந்துபோனது. அஞ்சுகம் அப்போது வகுப்பில் இருந்தாள்.

பழுதுபார்க்கும் கருவி சென்னையில் இருந்தது. அதை ஏற்றிக்கொண்டு போன விமானம், எரிபொருள் பாதியாகும்வரை கடலையே பார்த்துவிட்டுத் திரும்பியது. இந்தப் பக்கத்து வாயிலை மட்டும் வைத்துத் திறந்து பார்த்தார்கள். வழி கிடைக்கவில்லை. மறுபடியும் திறந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வானொலித் தொடர்பு.

"அரிசி தீரப்போகுது. எல்லாமே அங்கேருந்து வந்ததுதானே," என்றாள் அஞ்சுகம்.

"இன்னிக்குத் திறந்துடும்," என்றான் திருமாறன்.

பதில் வரத் தாமதமானது. "நேத்து நீங்க பேசினது உடனே கேட்டுச்சு. இப்போ ஏன் இவ்வளவு நேரமாவுது?"

அவளிடம் அவன் பொய் சொன்னதில்லை. "ஒவ்வொரு தடவை திறக்கிறப்பவும் நீங்க எல்லாரும் தள்ளிப் போறீங்க."

இந்த முறை இன்னும் நேரமானது. "அப்போ நிறுத்திடுங்க. குரலாவது மிஞ்சட்டும்."

வெளியே தீவில் சிக்கியவர்களின் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். திருமாறன் அவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கினான். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். அவருடைய மகள் தீவு மருத்துவமனையில் நர்ஸ்.

"நீங்க உங்க வீட்டம்மாகிட்ட பேசிட்டீங்க. நான் எம் பொண்ணு குரலைக்கூட இன்னும் கேக்கல. கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?"

வாயிலின் சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இந்த ஒரு முறை திறந்துவிடும் என்று அவனுக்கும் தோன்றியது. அந்த எண்ணத்தை அவனால் உதற முடியவில்லை.

திறந்தான். வாயிலில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. கூட்டம் இன்னொரு முறை கேட்டது. அவன் மறுக்கவில்லை.

பிறகு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, "அஞ்சுகம்," என்று கூப்பிட்டான். பொழுது சாய்ந்தது, விடிந்தது. நாற்காலியை விட்டு அவன் எழவில்லை.

மறுநாள் அவள் குரல் வந்தது, மெலிதாக.

"நிறுத்திட்டீங்கல்ல? நீங்க கேப்பீங்கன்னு தெரியும். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இனிமே தள்ளிப் போக மாட்டோம்னு."

அவள் பேசி முடிப்பதற்குள் பக்கத்து அறையில் வாயில் மறுபடி உறுமத் தொடங்கியது. சாவியை இரவே அவன் கூட்டத்தினரிடம் கொடுத்திருந்தான்.