ஊதாத் துணிக்குப் பின்னால்

செல்போன் அடித்தது.

பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுக்குள்ளிருந்து!

யாரும் எடுக்கவில்லை. அடித்து... அடித்து... ஓய்ந்தது.

ஜெனி திரும்பிப் பார்த்தாள். வில்லாபுரத்துக்காரி. மிஷன் ஸ்கூல் டீச்சர். லீவு விட்டால் கால் வீட்டில் தங்காது. எங்கெங்கோ இருக்கிற கோபுரங்கள் கனவில் வந்து விரட்டும். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு பழைய தேவாலயங்களைத் தேடிப் போய்விடுவாள்.

சமயநல்லூரைத் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டிய இந்தக் கோயில் நாற்பத்தோராவது.

"கோயிலப் பாத்துக்கிற உபதேசியார் போனை மறந்துட்டுப் போயிட்டாரும்மா."

வெள்ளை அங்கியில் வந்தவர் தன்னை ஃபாதர் இம்மானுவேல் என்றார்.

சூசையப்பர் சுரூபத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். இருநூறு வருஷத்து மரச்சிற்பம். கப்பலில் வந்தது.

"அதுக்கென்ன? போட்டோ எடுத்துட்டுச் சீக்கிரம் கெளம்பு."

பீடத்தில் ஏறினார். சுரூபத்தை மூடியிருந்த ஊதாத் துணியை ஒரே இழுப்பு!

ஜெனி கேமராவைத் தாழ்த்தினாள்.

இன்று புனித சனி, ஈஸ்டருக்கு முந்தின நாள். தவக்காலத்தில் மூடிய சுரூபங்களை இன்றிரவுப் பூசைக்குத்தான் திறப்பார்கள். அதற்கு முன் எந்தச் சாமியாரும் அந்தத் துணியில் கை வைக்கமாட்டார்.

இவன் சாமியாரே இல்லை.

பார்வை தானாகக் கூண்டுக்குப் போனது. திரைக்குக் கீழே இரண்டு கால்கள். நைலான் கயிறு. கட்டைவிரல் மட்டும்... அசைந்தது.

உபதேசியார் உயிரோடு இருக்கிறார்!

"ஏம்மா இப்படி வேர்க்குது?"

"ஃபேன் ஓடலையே ஃபாதர்."

அவன் சிரிக்கவில்லை. வெயில் உள்ளே அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் தாழிட்டான். அங்கிக்கு அடியில், இடுப்பில், அரிவாளின் பிடி துருத்தியது.

கத்தினால் முதல் வெட்டு அவளுக்கு. இரண்டாவது கூண்டுக்குள்.

ஜெனி கேமராவை உயர்த்திக் காட்டினாள்.

"ஃபாதர், கடைசியா ஒண்ணு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் மணிச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிக்குவேன். ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க, கெளம்பிர்றேன்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு.

சுரூபத்தைத் திருட ஒரு மாதமாக வேவு பார்த்தவன். உபதேசியார் தினமும் பன்னிரண்டுக்கு மணியடிப்பார் என்று அவனுக்குத் தெரியும். அடிக்காவிட்டால்தான் சந்தேகம் வரும்...

மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

டாண்... டாண்... டாண்...

முதலில் ஒரு நாய் குரைத்தது. பிறகு ஊருக்குள் கதவுகள் திறக்கும் சத்தம். பிறகு ஓடிவரும் கால்கள். பத்து, இருபது, ஐம்பது!

அவன் உறைந்து நிற்க, ஜெனி பாய்ந்து போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.

கரண்டியோடு பெண்கள். பாதி ஷேவிங்கில் ஒருவர். முன்னால் நின்ற ஊர்க்காரர் ஆன்றோ பனியனோடு உறுமினார்.

"எவன்டா அது, இன்னைக்கு மணிய அடிச்சவன்?"

பின்னாலிருந்து ஒரு குரல், "மாப்ள, சூசையப்பர் துணியக் காணோம்யா!"

அரிவாளை உருவக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. நாலு பேர் மேலே உட்கார்ந்தார்கள். கூண்டிலிருந்து உபதேசியாரைத் தூக்கி வந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

தரையோடு ஒட்டிய வாயால் அவன் முனகினான்.

"முந்தாநேத்து வரைக்கும் தினமும்தான மணியடிச்சாங்க... இன்னைக்கு மட்டும் ஏன் இம்புட்டுப் பேரு?"

ஜெனி குனிந்தாள்.

"வியாழன் சாயங்காலம் நிறுத்துன மணி. இன்னைக்கு ராத்திரிதான் திரும்ப அடிக்கணும். ஆண்டவரே இன்னும் எந்திரிக்கல... அதுக்குள்ள ஊரை எழுப்பிட்டீங்களே ஃபாதர்."