ஆளில்லாத் தீவில் பதினோரு படம்

பதினோரு படம் எடுத்திருந்தாள் கலைமதி. பதினொன்றிலும் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் அவள் சுற்றும் அந்த இணைய உலகத்துப் பொம்மைகளும் மனிதரைப் போலக் கண் சிமிட்டும். சிமிட்டும் நேரம் பார்த்துக் கேமராவை அழுத்தினால் மூடிய கண்தான் விழும். இருபது வருடமாகப் போட்டோ கடைக்கு வேலை செய்து கொடுப்பவளுக்கு இது கூடவா தெரியாது? ஆனால் பதினொன்றும் எப்படி? திரையில் அந்தப் பெண் கண்ணை அகல விரித்துக்கொண்டு கடற்கரை முழுக்க ஓடி, பாறை மேல் ஏறி நின்று, ‘எடுங்கக்கா, எடுங்க’ என்று எழுத்தாலேயே கத்திக்கொண்டிருந்தாள். எடுத்த படத்தைத் திறந்தால் அதே பாறை, அதே ஊதா வானம், அதே மஞ்சள் பாவாடை. கண் மட்டும் மூடியிருந்தது. சிமிட்டும் இமையில் ஓர் அவசரம் இருக்கும். இந்த இமைகளில் யாரோ விரலால் மெதுவாகத் தடவி மூடிவிட்ட நிதானம் இருந்தது.

வெளியே திருவரங்குளம் வெயிலில் கிடந்தது. மதியம் மூன்று மணி. நாய்கூடக் குரைக்கச் சோம்பும் நேரம். மின்விசிறி கரகரவென்று சுற்ற, உரக்கடையில் இடமில்லாமல் அறை மூலையில் புருசன் ஆண்டியப்பன் அடுக்கி வைத்திருந்த உர மூட்டைகளின் நெடி காற்றோடு வந்து மூக்கைக் கரித்துவிட்டுப் போனது.

நாற்பத்தேழு வயதில் ஒரு பெண்பிள்ளை, புருசன் உரக்கடைக்குக் கிளம்பின கையோடு கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் பொம்மை உலகம் சுற்றினால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுச் சொர்ணம் இருக்கவில்லை. போன வாரமே ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

“என்னடி மதி, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு? உள்ள யாரு?”

“யாருமில்லக்கா. கல்யாண ஆல்பம் வேல.”

“ஆல்பமா? சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே. எட்டு மாசமா இந்த வீட்ல மிக்சி சத்தந்தான கேட்டுச்சு?”

சொர்ணத்துக்குக் காது கூர்மை. கலைமதி சிரித்தது உண்மைதான். எதற்குச் சிரித்தாள் என்று சொன்னால் தெரு நம்பாது.

அந்தப் பாறை மேல் நின்ற பெண் அவள் மகள் ஹரிணி. ஹரிணி செத்து எட்டு மாதம் ஆகிறது. செத்ததாகப் போஸ்டர் ஒட்டி எட்டு மாதம் ஆகிறது என்று சொல்வதுதான் சரி. பெண் ஜெகதாப்பட்டினத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். அந்த இணைய உலகத்தில் யார் வேண்டுமானாலும் தீவு வாங்கலாம், வீடு கட்டலாம், கோயில் கட்டலாம். அலுத்தால் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆளில்லாத அந்தத் தீவுகளைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பதையே ஒரு கூட்டம் தவம் மாதிரிச் செய்கிறது. புதுக்கோட்டையில் காலேஜ் படித்த ஹரிணி அம்மாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். ஒரு பாழடைந்த கலங்கரை விளக்கத்தடியில் இன்னொருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பேர் மரியசெல்வம். ஊர் ஜெகதாப்பட்டினம், ஐஸ் பிளாண்டில் வேலை. அறந்தாங்கியில் பஸ் மாறி ஏறினால் மூன்று மணி நேரத்தில் பார்த்திருக்கக் கூடியவனை, உலகத்தையே சுற்றிப் போய்ப் பார்த்திருக்கிறாள் பெண்.

வேறு சாதி, வேறு சாமி. ரிஜிஸ்தர் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ஆண்டியப்பன் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“போஸ்டர் போடு.”

“எதுக்குங்க?”

“எம் மக செத்துட்டா. ஊருக்குச் சொல்ல வேணாமா?”

பிழைப்பே அதுதானே அவளுக்கு. கண்ணீர் அஞ்சலி, விளக்கு, பூ மாலை, நடுவில் படம். தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. அந்த இரண்டாவது தேதியை அடிக்கும்போது கை நடுங்கியதா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை அவளைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து தேர் நிற்கும் இடம்வரை அறுபது போஸ்டர். அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரிலும் போனிலும் இருந்த ஹரிணியின் படங்களை ஒன்று விடாமல், புருசன் பார்க்கப் பார்க்க, அழித்தாள்.

பஸ் ஏறிப் போயிருக்கலாம். எந்த முகத்தோடு போவது? ஆகவே வேறு பெயரில், வேறு உருவத்தில், அந்த உலகத்துக்குள் போனாள். ஹரிணி வழக்கமாக நிற்கும் தீவு தெரியும். தானும் படம் எடுக்கிறவள், பேர் நீலா, ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்றாள். அதற்கு மேல் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. ஹரிணிக்கு வாய் நிற்காது. பெற்ற தாயை ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு தீவு தீவாக இழுத்துப் போனாள்.

‘எங்கம்மாவும் போட்டோ வேலதாங்க்கா’ என்று ஒருநாள் எழுதினாள்.

‘அம்மா இருக்காங்களா?’

‘இருக்காங்க. நான்தான் இல்ல.’

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு சிரிப்பு முகத்தை வேறு போட்டாள். கலைமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் ஹரிணி கேட்டது: ‘என்னைய நல்லதா ஒரு படம் எடுத்துத் தாங்கக்கா. எங்கிட்ட ஒன்னுகூட இல்ல. எங்க வீட்ல இருந்த கடைசிப் படத்த செவுத்துல ஒட்டிட்டாங்க.’

பொம்மைதான். ஆனாலும் முகத்தைத் தன் முகம் போலவே செதுக்கி வைத்திருந்தாள், இடது கன்னத்து மச்சம் உட்பட. எடுத்ததுதான் அந்தப் பதினொன்று.

மறுநாள் மதியம் இன்னும் நாலு எடுத்தாள். திரையில் ஹரிணி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். படத்தில் ஊஞ்சல் இருந்தது, மூடிய கண் இருந்தது, நெற்றி நடுவில் வட்டமாக ஏதோ பளபளத்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு ரூபாய்க் காசு.

அறைக்குள் ஊதுபத்தி வாசம் வந்தது. வீட்டில் யாரும் ஏற்றவில்லை. எழுந்து போய்ச் சாமி மாடத்தைப் பார்த்தாள். சாம்பல் ஆறிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வாசமாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். சாத்தின பிறகு வாசம் கூடியது.

டிங் என்று கம்ப்யூட்டர் கூப்பிட்டது.

‘ரெண்டு நாளா ஒரே தூக்கமா வருதுக்கா. எமையத் தூக்கவே முடியல. இப்ப நெத்தியில காசளவுக்குச் சில்லுன்னு இருக்கு. ஐஸ் பிளாண்டு பக்கத்துல குடியிருந்தா இப்பிடித்தான்னு அவரு கிண்டல் பண்றாரு.’

கலைமதி படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையில் தெரியும் முகத்தில் காசு இல்லை. கண் திறந்துதான் இருக்கிறது. அப்படியானால் படம்? ஒருவேளை தன் கண்தான் கெட்டுவிட்டதோ? நிச்சயம் பண்ணிக்கொள்ள இன்னும் ஒன்றே ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அது தோன்றியிருக்கவே கூடாது.

அந்தப் படத்தில் ஹரிணியின் கால் பெருவிரல் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

‘அக்கா, எந்திரிக்கப் போயி விழுந்துட்டேன். காலு ரெண்டும் பிரிய மாட்டேங்குது.’

இழவு வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்வது. கண்ணை மூடுவது, காசு வைப்பது, கால் கட்டுவது. அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று திருவரங்குளத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அறுபது போஸ்டர் ஒட்டிச் சொன்ன சாவுக்கு எங்கோ யாரோ வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

அவளுக்குத் தெரிந்த மாற்று ஒன்றே ஒன்றுதான். படத்தில் வந்த கேட்டைப் படத்தில்தான் திருத்த வேண்டும். பதினாறு படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு வைக்கவில்லை, தலை வாரவில்லை. கால்கட்டை அழித்தாள். காசை அழித்தாள். நெற்றித் தோலை இழுத்துச் சமப்படுத்தினாள். மூடிய கண்ணுக்கு வந்ததும் வழி தெரியாமல் நின்றாள்.

செத்தவர் படத்தில் கண் திறப்பது கடைக்காரர்களுக்குப் புதிதில்லை. பிணத்தை எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு, பழைய படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டி, மாலை போடும் படமாக ஆக்கிக் கொடுப்பார்கள். பழைய படமும் இல்லையென்றால் ரத்த சொந்தத்தில் ஒருவர் கண்ணை எடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். அதுதான் முகத்தோடு பொருந்தும். ஹரிணியின் பழைய படம் எங்கே இருக்கிறது? இவளே அழித்துவிட்டாள். சுவரில் ஒட்டியதும் வெயிலிலும் மழையிலும் வெளுத்துக் கிழிந்து போயிற்று. திரையில் திறந்திருக்கும் கண்ணோ படத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்று போனில் தன்னையே ஒரு படம் எடுத்தாள். இரண்டு கண்ணையும் வெட்டினாள். மகளின் இமை மேல் வைத்தாள். ஓரம் தெரியாமல் தேய்த்தாள். பதினாறிலும்.

கறிவேப்பிலை கேட்டுச் சொர்ணம் வந்தாள். வாசலில் வைத்து வாங்கிக்கொண்டவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள்.

“கண்ணுக்கு என்னடி ஆச்சு?”

“தூக்கமில்லக்கா.”

“ம்.” சொர்ணம் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத சொர்ணத்தைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

டிங்.

‘கால் விட்டுருச்சுக்கா! நெத்தியும் சரியாயிருச்சு. என்ன மாயமோ!’

கலைமதி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எட்டு மாதமாக வராத அழுகை. பிள்ளை பிழைத்தாள். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை; எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான். கண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அடுத்த வரி வந்திருந்தது.

‘ஆனா ஒன்னு. சிரிக்காதீங்க. கண்ணுல வேற எடம் தெரியுது.’

‘என்ன எடம்?’

‘ஒரு கம்ப்யூட்டரு. பக்கத்துல உர மூட்ட. கீபோர்டு மேல ரெண்டு கை. வலது கையில சூடு பட்ட தழும்பு.’

கலைமதி தழும்போடு கிடந்த தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டிங். ‘கைய எடுத்துட்டாங்க.’

மின்விசிறி நின்றது. மின்சாரம் போகவில்லை. திரை எரிந்துகொண்டிருந்தது. விசிறி மட்டும் நின்றது.

டிங். ‘அம்மா?’

கலைமதி ஒற்றை விரலால் அடித்தாள். ‘ஆமா சாமி.’

‘நீயாம்மா? இத்தன நாளும் நீயா?’

‘நாந்தான். போஸ்டரு போட்டதும் நாந்தான். எனைய மன்னிச்சிரு தங்கம். காலைல வாரேன். ஒங்கப்பா வெட்டிப் போட்டாலும் வாரேன்.’

திரையில் ஹரிணியின் பொம்மை கடலைப் பார்த்து நின்றது. அலை அடித்தது. அடித்த அலை திரும்பவில்லை. அப்படியே நின்றது.

டிங். ‘இங்க ஒன்னும் தெரியலம்மா. அவரு பேசுறது கேக்குது. மொகம் தெரியல. நீ பாக்குறது மட்டுந்தான் தெரியுது. பழக்கத்துல தட்டுறேன்.’

‘பயமா இருக்கா?’

‘இருக்கு. அது கெடக்கட்டும். கண்ணாடி முன்னாடி போயி நில்லும்மா. ஒம் மொகத்தப் பாக்கணும்.’

இது ஒன்றைத்தானே அவள் எட்டு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். தலையைக் கோதி முடிந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தடவித் தடவி ஒரு பொட்டு வைத்தாள். பெண் வீட்டுக்கு வருகிறாள் என்றால் ஒரு தாய் எப்படி நிற்பாளோ அப்படி. குனிந்தபடியே பீரோக் கண்ணாடி வரை நடந்தாள்.

நிமிர்ந்தாள்.

பொட்டு இருந்தது. மூக்குத்தி இருந்தது. புருவம் இரண்டும் இருந்தன.

புருவத்துக்குக் கீழே தோல்.

வழவழவென்று. இழுத்துத் தேய்த்துச் சமப்படுத்தினது. ஓரம் தெரியவில்லை. நல்ல வேலை.

விரலை வைத்தாள். புருவத்திலிருந்து வழுக்கிக்கொண்டு கன்னத்துக்கு வந்தது. எங்கேயும் தட்டவில்லை. வெட்டி எடுத்த கண் மகளின் முகத்தில் இருந்தது; அதன் வழியாகத்தான் இதையும் பார்த்தாள்.

கத்த வாய் திறந்தது.

பின்னால் டிங். டிங். டிங்.

கத்தக் கூடாது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. பயந்துவிடும்.

கலைமதி சிரித்தாள். கண்ணாடியில் அந்த முகம், வாய் நிறைய, மகளைப் பார்த்துச் சிரித்தது.