சாம்பிராணி வேண்டாம், ராத்தா

கற்பிட்டியில் வாடகை வீடு தேடியபோது றம்லா வேறெதையும் விசாரிக்கவில்லை. புகை வருமா என்று மட்டும் கேட்டாள். விறகடுப்பு இல்லாத அந்தப் பழைய வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது.

குறைமாதத்தில் பிறந்த அவள் மகன் ஹஸ்மிக்கு நாட்பட்ட நுரையீரல் நோய். மூக்கில் குழாய், பக்கத்தில் ஓயாமல் இரையும் ஒட்சிசன் மெஷின். சாம்பிராணிப் புகைகூட ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குளிப்பாட்டிய பிள்ளைக்குப் புகை காட்டாமல் வளர்ப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

குடிவந்த அன்று பின்னேரம் பிள்ளையைத் துடைத்துக் கிடத்திவிட்டு, துவாயை உலரப்போடப் போனாள். திரும்பி வந்தபோது அறைக்குள் சாம்பிராணி மணத்தது.

சட்டியில்லை. தணலில்லை.

ஹஸ்மியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஜன்னல்களைத் திறந்து கடற்காற்றை உள்ளே விட்டபிறகுதான் நிறம் திரும்பியது. மறுநாளும் அதே மணம் வர, கணவன் ஸப்ராஸைப் பிள்ளையருகே இருத்திவிட்டு, அடுத்த வளவிலிருந்த வீட்டுக்காரி ஷம்லாவிடம் சண்டைக்குப் போனாள்.

ஷம்லா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் போடல்ல புள்ள. அது என்ட ராத்தா ஃபர்ஸானா, கூடப் பொறந்த மூத்தவ. அவவுக்கும் மாசம் பத்தாத புள்ளதான். குளிருது குளிருதுன்டு நாள் முழுக்கப் புகை காட்டினா. மூச்சு முட்டிப் புள்ளயும் மௌத்து, பின்னால அவவும் மௌத்து."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"அந்த ஊட்டுல முந்தி இருந்தவங்கட புள்ளயளுக்கு ஒன்டும் ஆகல்லயே. ஆசையிலதானே செய்றா."

றம்லாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடினாள்.

தொட்டிலுக்கு மேல் வெண்புகை சுற்றிக்கொண்டிருந்தது. ஸப்ராஸ் சுவரோடு ஒட்டி நின்றான். றம்லா ஓத வாயெடுத்தாள், கெஞ்சல்தான் வந்தது.

"ராத்தா, வேணாம். இந்தப் புள்ளக்கிப் புகை ஏலா. மூச்சு நின்டுடும்."

காதருகே ஒரு குரல் கிசுகிசுத்தது.

"குளிருது புள்ளக்கி."

அதட்டினால் போகிற பேய் என்றால் அதட்டியிருப்பாள். பாசம் வைத்த பேயை என்ன சொல்லி விரட்டுவது?

பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நேர்ஸ் ஹஸ்மியின் முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கைப் பொருத்தினாள். "இனிப் பயமில்ல," என்றாள். வார்டில் மருந்து வாடைதான் அடித்தது. றம்லா முதன்முறையாக உட்கார்ந்தாள்.

அப்போது மாஸ்க்குக்குள் வெண்மையாக ஏதோ சுருண்டது.

மூச்சின் ஆவியில்லை.

"மிஸ்ஸி, புகை!"

"கழட்டிடாதீங்க! அது இல்லாட்டி புள்ளக்கி மூச்சு இல்ல."

கழற்றவும் முடியாது, விடவும் முடியாது. றம்லாவின் கை மாஸ்க்கின் மேலேயே நின்றுவிட்டது.

யாரும் தொடாமல், காலடியில் கிடந்த போர்வை பிள்ளையின் கழுத்துவரை மெல்ல ஏறியது.